இருபதாவது கனெக்‌ஷன்

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஏற்காட்டிலிருந்து பெலிக்ஸ் கூப்பிட்டார்.
"மேடம், சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு.
வாசல்ல நாலு கார் நிக்குது.
ஒரு குழந்தை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டு வந்திருக்கு.
ரூம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

ஐந்து ரோட்டில் மூன்றாம் மாடி.
பகல் வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது.
ஜன்னலில் மலை தெரியவில்லை,
அதில் ஏறும் கார் விளக்கு மட்டும்.

லாகைத் திறந்தேன்.
இருபது கனெக்‌ஷன். இருபதும் வெளியே.
(இருபது போதுமென்று நான் வைத்ததற்குக் காரணம்
கொண்டை ஊசி வளைவு இருபது என்பதுதான்.
வேறு கணக்கில்லை.)
இருபத்தொன்றாவதாய் வருகிறவன்
முப்பது நொடி நின்று பார்த்துச் செத்துப்போகிறான்.
அடுத்தவன் வருகிறான். அவனும்.

வாங்கிப்போனது யார்?
வாங்கிய கை எப்போதோ போய்விட்டது.
டேட்டாபேஸ் மட்டும் அந்தப் பக்கம்
கதவைப் பிடித்தபடி நிற்கிறது,
போகிறேன் என்று சொல்லாமல் போனவருக்காக.

"ஜாவாவுலதான் குப்பை அள்ள ஆள் இருக்கே"
என்று கேன்டீனில் சொன்னவள் நான்.
அப்போது வாய் நிறைய தட்டுவடை செட்.
ஆள் இருக்கிறார். நல்ல உழைப்பாளி.
ஆனால் அவர் கண் குப்பைமேட்டின் மேல்,
சாவிப் பலகையின் மேல் இல்லை.
மெமரி நிரம்பினால் எழுந்து வருவார்.
இன்று பாதிகூட நிரம்பவில்லை,
போன மாதம்தான் இரண்டு மடங்கு வாங்கிப் போட்டேன்.
இடம் தாராளம். அவர் தூங்குகிறார்.
அறைகள் காலி,
சாவிகள் யார் யார் பையிலோ
அடிவாரம் இறங்கிவிட்டன.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
முன்பணம் திருப்புகிற இடம்.
பேங்க் சரி என்றால் ஒழுங்காய் மூடுகிறது.
பேங்க் மறுத்தால்
பாதியிலேயே எகிறி வெளியே குதிக்கிறது.
மூடுகிற வரி கீழே
ஆள் வராத வீட்டு மணிபோல இருக்கிறது.
கோடை விழா வாரம். எத்தனை கேன்சல், எத்தனை மறுப்பு.
மேலே எழுதியவர் பெயர்: கோகிலவாணி, பிப்ரவரி.
அந்தப் பிப்ரவரியில் எனக்கு என்ன அவசரம்
என்று யோசித்துப் பார்த்தேன்.
ஞாபகமில்லை.

முதலில் எல்லாவற்றையும் அணைத்து ஏற்றினேன்.
இருபதும் ஒரே நொடியில் வீடு திரும்பின.
இது வைத்தியமில்லை, தெரியும்.
ஆனாலும் குழந்தைக்கு இருநூற்றாறு கிடைத்தது.
பிறகு அந்த ஒற்றை வரியைப் பெயர்த்து
என்ன நடந்தாலும் தாண்டியே ஆகவேண்டிய
இடத்தில் வைத்தேன்.

மணி ஒன்று இருபது.
பெலிக்ஸ் போனை வைக்கவில்லை,
கவுண்டரில் கவிழ்த்துவிட்டு மறந்திருக்கிறார்.
கெய்சர் ஓடுமா என்று ஒரு பெண் குரல்.
பெட்டிச் சக்கரம். பனிக்குள் எங்கோ நாய்.
ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சத்தம்.
நானாவது வைக்க வேண்டும்.
மேலே குளிர்கிறதா என்று கேட்க நினைத்து
சும்மா
கேட்டுக்கொண்டே இருந்தேன்.