வினை இரண்டாம் இடத்தில்

பெரம்பூர், பேப்பர் மில்ஸ் ரோடு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
திங்கள் புதன் வெள்ளி, இரவு ஏழரை.
காலி டிபன் பாக்ஸ் பையில் உருள
ஏறி வருகிறார்கள் பதினோரு பேர்.
மின்விசிறி ஒன்றுதான்.
முந்தி வந்தவருக்கு அதன் கீழ் இடம்.

பகலில் நான் கால் சென்டரில்
பிள்ளைகளின் நாக்குக்கு அமெரிக்கா பூசுகிறவன்.
இங்கே அது வேண்டாம்.
இங்கே மூன்று நாற்காலி போதும்.

முதல் நாள் வரிசையாகப் போட்டேன்.
ஆட்டோ குப்புராஜ் முன்னால்: நீங்கள் 'ஐ'.
ஷம்ஷாத் பின்னால்: நீங்கள் 'ரைஸ்'.
நடு நாற்காலியில் 'ஈட்' உட்காரும்,
தமிழில்தான் அது கடைசி என்றேன்.
"எங்க வீட்டுலயும் சாப்பிடுறது கடைசிதான் சார்"
என்றார் ஷம்ஷாத்.
சிரித்தோம்.
அவர் சிரித்ததாக நினைவில்லை.

வந்தேன் என்றால் போதும் நமக்கு.
வாலில் ஒட்டிக்கொண்டு
நான் இருக்கிறேன் என்று தெரிந்துவிடும்.
இந்த மொழியில் ஒளிய முடியாது,
முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும்,
ரேஷன் கடை வரிசை மாதிரி,
யாரும் இல்லையென்றால்
செருப்பையாவது போட்டு வைக்க வேண்டும்.
மழை பெய்கிறது என்று சொல்லக்கூட
'இட்' என்று ஒரு செருப்பு.

"யார் சார் அந்த இட்டு?
கணேசபுரம் சப்வேல வண்டி நின்னப்ப
இடுப்பளவு தண்ணில அவனைத்தான் தேடினேன்"
இது குப்புராஜ்.

எனக்குப் பசிக்கிறது என்பதில்
பசி எங்கிருந்தோ வந்து என்மேல் இறங்குகிறது.
ஐ ஆம் ஹங்ரி என்றால்
ஆளே பசி.
இதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அமலோற்பவம் எதுவுமே கேட்டதில்லை.
கீழ்ப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனை,
ஹவுஸ்கீப்பிங், நீலச் சீருடை,
ஆறு வாரமாகச் சுவரோரம்.
கரும்பலகைக்கு அழைத்தால்
பினாயில் வாசம் போகாத விரல்களை
மடித்து வைத்துக்கொள்வார்.

நேற்று வகுப்பு முடிந்தும் போகவில்லை.
எட்டு பெட்ஷீட் காணோமாம்.
விளக்கம் எழுதித் தர வேண்டுமாம், ஆங்கிலத்தில்,
நாளைக் காலை பத்துக்குள்.

காணோம்.
எவ்வளவு வசதியான சொல்.
காணாமல் போக்கியவரைக் கேட்காது,
காணாதவர் யார் என்றும் கேட்காது.
போச்சு, தொலைஞ்சுது, ஒடைஞ்சுது:
தாமே நடந்துவிடும் சங்கதிகள்
எத்தனை வைத்திருக்கிறோம்.

நானே எழுதித் தருகிறேன் என்றேன்.
மரியாதையாக, செயப்பாட்டு வினையில்,
யார் மேலும் படாமல்
ஒரு நல்ல கடிதம் எனக்கு வரும்.
வேண்டாம் என்று தலையசைத்தார்.
எழுந்து போய்
மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.
ஆளில்லாத அவற்றைச் சற்று நேரம் பார்த்தார்.
பிறகு கோடு போட்ட தாளில்,
பேனாவை உளி மாதிரி அழுத்தி:

சூப்பர்வைசர் டேக் பெட்ஷீட்.
ஐ சீ.

எழுவாய் சரி.
வினை சரியாக இரண்டாம் இடத்தில்.
முற்றுப்புள்ளி, தாளின் மறுபக்கம் தெரிய.
ஆறு வாரம் நான் கற்றுக்கொடுத்தது
அப்படியே இருந்தது, ஒரு கல் நகராமல்,
எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

"தப்பு இருக்கா சார்?"
காலம் மட்டும் தப்பு.
டேக் அல்ல, டுக். சீ அல்ல, சா.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு
கேட்டேன்:
இதைக் கொடுத்தால் வேலை?

"தெரியும் சார்.
பயமா இருக்கு.
அதுல யாரு முதல் நாற்காலி?"

கீழே ஷட்டர் இறக்கும் சத்தம்.
லோக்கல் ரயில் ஒன்று கேரேஜ் நிலையம் தாண்டிப் போனது.
இரண்டு எழுத்துகளை மாற்றினேன்,
வேறு எதையும் தொடவில்லை.
தாளை நாலாக மடித்து
டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினார்,
ஈரம் படக்கூடாதென்று.

இன்று வெள்ளி.
ஏழு நாற்பது.
மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது.
யாரும் உட்காரவில்லை.