முப்பது வருட வில்லங்கம்

"ஈ காக்கா சத்தம் இருக்காதுங்க"
என்றார் தரகர் திம்மராயன்.
அப்போதே ஒரு காகம் கத்தியது.
அவர் அதை விலையில் கழிக்கவில்லை.

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து மூன்றாவது திருப்பம்.
மேற்குப் பார்த்த வாசல்,
அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது.
போர் எண்ணூற்றைம்பது அடி, முழுக்கப் பாறை.

பகலில் எந்தத் தெருவும் நல்ல தெருதான்.
நான் இரவு பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரி லேபில் ரத்தக்குழாய்களை
அடுக்கிவைத்த கையோடு வந்து
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
அந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.
எங்கோ நெடுஞ்சாலை
கண்டெய்னர்களை பெங்களூருக்கு உருட்டிக்கொண்டிருந்தது.
யாரோ இருமினார்கள். ஒரு குழாய் சொட்டியது.
சையத் பாஷா மலை
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாய் நின்றது.
அவ்வளவுதான்.
இதற்குத்தான் நாற்பத்தேழு லட்சம்.

வாடகை வீட்டின் கீழே வெல்டிங் பட்டறை.
என் மகன் பேசக் கற்றதே
கத்திக் கத்தித்தான்.

எதிர் வீட்டில் விளக்கு.
திரை ஓரம் ஒரு விரல். பிறகு கேட்.
டார்ச் வெளிச்சம் என் முகத்தில் இல்லை,
நம்பர் பிளேட்டில்.
"யாரும்மா?"
வீடு பார்க்க வந்தேன்.
"இந்நேரத்திலயா?"
சத்தம் பார்க்க வந்தேன் என்று
எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை
வீட்டுக்காரர் சென்னகேசவன் காபி கொடுத்து,
"சொந்த ஊர்?" என்றார்.
ஊத்தங்கரைப் பக்கம்.
"பக்கம்னா?"
ஊர்ப் பெயரைச் சொன்னேன்.
"ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

அவர் மனைவி துடைத்த டம்ளரையே
மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.
தெருவின் மொத்த அமைதியும்
நடுவீட்டில் வந்து உட்கார்ந்தது.
ஒன்பது மாதம் விலைபோகாத வீடு
என் சார்பில் அவரிடம் ஏதோ பேசியிருக்க வேண்டும்.
"சரி விடுங்க, எல்லாரும் மனுஷங்கதானே" என்றார்,
நான் பதில் சொல்வதற்கு முன்பே.
விலையில் மட்டும் ஒரு ரூபாய் இறங்கவில்லை.

பதிவு அலுவலகம். டோக்கன் முப்பத்தொன்று.
வில்லங்கச் சான்றில் முப்பது வருடத்தையும் புரட்டினேன்:
ஒரு அடமானம், அதன் மீட்பு,
அண்ணன் தம்பி பாகப்பிரிவினை.
அந்தக் கேள்வியை எவரும் பதிவு செய்திருக்கவில்லை.
பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் படித்தார்:
கட்டடம், கதவு, ஜன்னல்,
மின் இணைப்பு, வழிநடைப் பாத்தியம்,
சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.
அமைதி எந்த வரியிலும் இல்லை.
கேட்கலாமா என்று நினைத்தேன்.
கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள்.

இப்போது ஒரு வருடம்.
ஓசூர் கம்பெனி வண்டியைப் பிடிக்கக் கிளம்பும் கணவர்
விடிகாலை நாலரைக்கு
தெருமுனை வரை பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார்.
ஜூனில் கூழ் ஆலையிலிருந்து வரும் மாம்பழ வாசனை
அழுகலுக்கு ஒரு படி முன்னால் நின்று இனிக்கிறது.
டார்ச் அடித்த நாகவேணி
பால் கார்டு வாங்கித் தந்தாள்;
என் வீட்டில் இன்னும் தண்ணீர் குடித்ததில்லை.
தாகமில்லை என்கிறாள். இருக்கலாம்.
மகன் தாழ்ந்த குரலில் பேசுகிறான்.
சில நாள் அது எனக்குப் பிடிப்பதில்லை.

நேற்று இரவு வெளியே ஒரு பைக் அணைந்தது.
திரையை விலக்கிய விரல் என்னுடையது.
பதினாலாம் எண் வீட்டில்
'விற்பனைக்கு' பலகை தொங்குகிறது.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள்
தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

டார்ச்சை எடுத்தேன். வைத்துவிட்டு இறங்கினேன்.
கேட்டின் இந்தப் பக்கம் நான்.
அவன் அவசரமாய், "வீடு பார்க்க..." என்றான்.
தெரியும் என்றேன்.
பிறகு அந்தக் கேள்வி,
நான் கூப்பிடாமலே,
என் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.
அவனும் அதற்குத்தான் காத்திருந்தான்,
பழகிய முகத்தோடு.

"தண்ணி லாரி செவ்வாய்க்கிழமை வரும்" என்றேன்.
"பின்தெரு நாய் ரெண்டு மணிக்குக் குரைக்கும்.
அதுவரைக்கும் இருந்து கேட்டுட்டுப் போங்க."