ஐந்து ஆண்டுகள், இடைவிடாது

மெலோ நகரக் குடும்ப நீதிமன்றத்தில்
நான் தட்டச்சு செய்பவள்.
சொன்னதை மட்டும் தட்டுவேன்.
இருமல், தயக்கம், மூக்கை உறிஞ்சுவது
பதிவில் ஏறாது.

சுல்மா இரிகோயன், வயது ஐம்பத்தெட்டு,
பள்ளிக்கூடச் சமையல்காரி,
பிளாஸ்டிக் பை ஒன்றோடு வந்தாள்.
பைக்குள் ஏழு ஆண்டுகள்.

உருகுவே சட்டம் கேட்பது ஐந்துதான்.
ஐந்து ஆண்டுகள், சேர்ந்து,
இடைவிடாது.
நிரூபித்துவிட்டால்
மோதிரம் மாற்றாதவளுக்கும் பங்கு உண்டு.

வில்மர் தெச்சேரா செத்தது மார்ச்சில்.
லாரி ஓட்டுநர். மாரடைப்பு.
வீடு அவன் பெயரில்.
மின்சாரம் அவன் பெயரில், தண்ணீரும்.
நாய் மட்டும் அவள் பெயரில்:
தடுப்பூசி அட்டை, இணைப்பு ஏழு.

"இறந்தவரின் மனைவி" என்று பழக்கத்தில் தட்டிவிட்டேன்.
நீதிபதி எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.
மூன்றெழுத்தை அழித்து
எட்டெழுத்து போட்டேன்: உடனுறைந்தவர்.

எதிரே வில்மரின் தம்பி ஓமர்,
மோன்டெவிடேயோவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவன்.
கெட்டவன் என்று சொல்ல முடியாது.
சவப்பெட்டிக்குப் பணம் கட்டியது அவன்தான்.
அந்த ரசீதும் கோப்பில் இருக்கிறது.

அவன் வக்கீல் எழுந்தார்.
"நான்காம் வருஷக் குளிர்காலம்,
ஜூன் முதல் செப்டம்பர் வரை,
ரிவேராவில் தங்கை வீட்டில் இருந்தீர்களா?"
"இருந்தேன்."
"காரணம்?"
"கோபம்."
என்ன கோபம் என்று யாரும் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
"என் அம்மாவின் இரும்பு வாணலியை எடுத்து
லாரி ஆயில் வடிய வைத்துவிட்டான்."
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பும் ஏறாது.

"ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவான்.
உள்ளே விடமாட்டேன்.
வாசலில் நின்றபடி ஒரே குழலில்
மாறி மாறி மாத்தே உறிஞ்சுவோம்.
போகும்போது அழுக்குத்துணி மூட்டையை நீட்டுவான்.
வாங்கிக்கொள்வேன்."

"ஆக, ஒரே கூரை இல்லை."
"கூரை இல்லை. வாசல்."

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.
அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் மூன்றரை,
பின்னால் மூன்று சொச்சம்.
எந்தப் பக்கமும் ஐந்தாகவில்லை.

பிறகு கசாப்புக்கடை பென்டன்கோர்,
கையில் எண்ணெய்ப்பிசுக்கேறிய கடன் நோட்டு.
வெள்ளிக்கிழமைதோறும் தெச்சேரா கணக்கில்
மிலனேசாவுக்கு மெலிதாகச் சீவிய மாட்டிறைச்சி,
இரண்டு துண்டு.
அவள் இல்லாத அந்த நான்கு மாதமும்
இரண்டு துண்டு.
"ஒருத்தனுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன்.
சுல்மா வந்துவிட்டால், என்றான்."

அவள் பக்கத்து இளம் வக்கீலுக்கு
முகம் மலர்ந்துவிட்டது.

ஓமரின் வக்கீல் நோட்டை வாங்கினார்.
எச்சில் தொட்டு ஏடு புரட்டினார்.
"மார்ச் ஒன்பதில் இறந்திருக்கிறார்.
ஏப்ரல், மே, ஜூன்.
வெள்ளி, இரண்டு துண்டு.
வெள்ளி, இரண்டு துண்டு.
செத்தவர் சாப்பிட்டாரா?
இரண்டு என்ற எண்ணை வைத்து
இங்கே எதையும் நிரூபிக்க முடியாது, ஐயா."

அவர் சொன்னது சரிதான்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீதிபதி கேட்டார்:
"அம்மா, பதில் ஏதாவது?"

சுவரில் மின்விசிறி ஒரு சுற்று திரும்பி
மறுபடி எங்கள் பக்கம் வந்தது.

"நாய்," என்றாள்.

நாய், என்று தட்டினேன்.
தாள் எண் நாற்பத்து மூன்று.
தீர்ப்பு அடுத்த மாதம்.

மதியம் நான் ரொட்டி வாங்கப் போகையில்
படிக்கட்டில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்,
நடுவே நான்கு படி இடைவெளி.
ஓமர் அவளைப் பார்க்காமல்
தெருவைப் பார்த்துக் கேட்டான்:
"அந்த நாய்க்கு என்ன பெயர்?"

"டீசல்," என்றாள்.
"உங்கள் அண்ணன் வைத்தது."

அவன் ஒரு படி இறங்கினான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருக்கலாம்.