குறிப்புக் கட்டம்

துளை எண் பதினேழு.
ஜூரோங்கில், பழைய தொழிற்கூடம் இடித்த வெளியில்
காலை எட்டுக்கே தகர வேலி சுடுகிறது.
மொக்லேசுர் இயந்திரத்தை நிறுத்திக் குழாயைச் சாய்க்கிறார்.
மூங்கில் குழலிலிருந்து புட்டைத் தள்ளுவதுபோல்
இருபத்து மூன்றாம் மீட்டர்
ஊதாச் சிவப்பில் வழுக்கி வருகிறது.

என் வேலை சின்னது.
நிறம் எழுத வேண்டும், கடினம் எழுத வேண்டும்,
நீர் எங்கே நின்றது என்று எழுத வேண்டும்.
மண்ணின் வயதுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நாற்பது மாடி. தாங்குமா?
அவ்வளவுதான் கேள்வி.

துணியால் துடைத்தேன்.
விசிறி மடிப்பாய்ச் சில வரிகள்,
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பாதிதான். மறுபாதியைக்
கல்லுக்குள்ளேயே விட்டுவந்திருந்தது துளைமுனை.

"ஜினுக்" என்றார் மொக்லேசுர், அவர் மொழியில்.
"சிப்பி" என்றேன்.
இருவரும் கடலைத் தேடித் திரும்பினோம்.
வேலிக்கு அப்பால் பேருந்துப் பணிமனை.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
இந்தப் புளோக்கில் எங்களுக்கும் ஒன்று.
வீவக குலுக்கலில் மூன்றாம் தடவை கிட்டிய வீடுபேறு.
பதினோராம் மாடி. சாவிக்கு நாலு வருஷம்.
அடுப்பு எந்தச் சுவரோரம் என்று
சர்வின் அவன் அம்மாவோடு இப்போதே சண்டை.
எங்கள் கட்டடத்துக்கு ஓடு கிடையாது.
இதற்கு இருந்திருக்கிறது,
கூரையும் சுவரும் ஒன்றாய், ஓர் ஓடு.

குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதினால்
யாராவது வந்து பார்க்கணும் என்பார்கள்.
பார்த்தால் நாளாகும்.
எழுதாவிட்டால் பெட்டியை மூடிவிடலாம்.
மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து
ஊறுகாயை மட்டும் தின்றேன்.

எழுதினேன். பெரிய அறம் என்றெல்லாம் இல்லை.
'23.40 மீ. சிப்பிப் பதிவு. ஒன்று. உடைந்தது.'
கடைசிச் சொல்லை எழுதும்போது மட்டும்
நானே உடைத்ததுபோல் கை நின்றது.

"இருபது நாள்" என்றார் மேலாளர் கோ.
பெருமூச்சுக்கு நடுவில் சொன்னதால்
கருணையா கோபமா தெரியவில்லை.

வென்ஹுயி வந்தார், ரப்பர் காலணி, பல் துலக்கும் தூரிகை.
பெட்டிமுன் குந்தி உட்கார்ந்து
கல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.
"உப்பு போய்விட்டது. இருபது கோடி வருஷம் இருக்கும்."
மொக்லேசுர் அன்று முழுக்கச் சிரித்தார்.
எனக்குத் தெரிந்த கோடி தெருக்கோடி, கோடிப்புடவை.
வீட்டுக் கடனில்கூட அந்தச் சொல் வரவில்லை.

பதினேழைச் சுற்றி மூன்று துளைகள் போட்டோம்.
மூன்றிலும் கல். வெறும் கல்.
நல்ல, தாங்கும் கல்.

பதினெட்டாம் நாள்
பழைய பெட்டிகளையும் திறக்கச் சொன்னார் வென்ஹுயி.
ஒன்பதாம் துளை, பிப்ரவரியில் நான் பார்த்தது.
ஓர் இலை. நடு நரம்பும் கிளை நரம்பும்
எண்ணிவிடலாம்போல் தெளிவு.
பக்கத்துத் தாளில்: 'கருங்கீற்று. முக்கியமில்லை.'
கையெழுத்து என்னுடையது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இலையைப் பஞ்சில் பொதிந்து கொடுத்தார், பிடித்துக்கொள்ள.
ஆறு வருஷமாய் நான் மூடிய பெட்டிகள்
எத்தனை ஊருக்கு அடியில் என்று
அன்றிரவு எண்ணத் தொடங்கிப்
பொங்கோலில் நிறுத்திவிட்டேன்.

"இருபது நாள் தள்ளிப்போச்சா? ஒரு சிப்பிக்கா?"
"பாதிச் சிப்பிக்கு."
சர்வின் பேசாமல் இருந்தான். பிறகு,
"மற்ற பாதி?"
"கீழேதான். நம்ம மின்தூக்கிக் குழிக்கு நேர்க் கீழே.
அங்கே கடைக்கால் தூண் இறங்கும்."
"இறங்கினா?"
தெரியாது என்றேன்.

அடுப்பை வரைந்த தாளை இழுத்து
எங்கள் பதினோராம் மாடிக்கு வெகு கீழே
ஒரு சின்னக் கட்டம் போட்டான்.
கழித்தல் குறி இட்டான், இருபத்து மூன்று என்று எழுதினான்.
பெயர் எழுத வேண்டிய இடத்தில்
பேனாவை வைத்தபடியே இருந்தான்.