முப்பத்திமூன்றாம் எழுத்து

அறுபது எழுத்தில் ஒரு நஞ்சு.
வலக்கடியனின் பல்லிலிருந்து இறங்குவது
மூன்று விரல் விரித்த கைபோல் மடிந்திருக்கும்.
தசைக்கு நரம்பு சொல்லவரும் சொல்லை
வழியிலேயே பொத்திவிடும்.
முதலில் இமை விழும். பிறகு கழுத்து.
பிறகு, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், மூச்சு.

சலாகுதீனை அது இரண்டு முறை கடித்தது,
கிண்ணியாவுக்கு அப்பால், வலை உதறும்போது.
இரண்டு முறையும் எழுந்து வந்தார்.
"என்ட ரெத்தத்துல அப்பிடி என்ன இரிக்கி?" என்று
செதில் ஒட்டிய கையை மேசையில் நீட்டினார்.
இருந்தது:
லட்சம் உயிரணுக்களைச் சலித்ததில்
ஒன்று மட்டும் அந்த நஞ்சை மறக்காமல் வைத்திருந்தது.
அது செய்த புரதத்துக்கு நாங்கள் இட்ட பெயர் ச-14.

பிடிக்கிறது, தெரியும்.
எங்கே பிடிக்கிறது?

அதற்கு ஒரு வழி உண்டு, கொஞ்சம் மூர்க்கமானது.
ஒவ்வோர் எழுத்தாய்ப் பிடுங்கிவிட்டு
அந்த இடத்தில் அலனின் வை.
அலனின் ஏறக்குறைய ஒன்றுமில்லை,
பல் பிடுங்கிய குழியில் வைத்த பஞ்சு.
கந்தகம் தாங்கும் எட்டு எழுத்தைத் தொடாதே,
கை குலைந்துவிடும்.
மிச்சம் ஐம்பத்திரண்டு ஊன நஞ்சுகள்,
ஐம்பத்திரண்டு குழிகள்.

மரபணுக்கள் கொரியாவிலிருந்து கொழும்புக்கும்
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலும் வந்தன.
பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியை
உட்துறைமுக வீதியில் நின்ற மான் தின்றது.
திருகோணமலை மான்களுக்கு அட்டை பிடிக்கும்.
எங்கள் ஆய்வுக்கட்டுரைகளையும் ஒருநாள் தின்னும்.

வெள்ளிக்கிழமை, கரன்ட் வந்தபிறகு,
தில்ருக்ஷி அமிலம் ஊற்றினாள்.
நீலம் மஞ்சளானது வரிசை வரிசையாய்,
பிடித்தது பிடித்தது பிடித்தது
முப்பத்தொன்றில் வைக்கோல் ஊறிய வெளிறல்
முப்பத்திமூன்றில்
வெறும் தண்ணீர்.
"இங்கதான்" என்றாள் தமிழில்.
நடுவிரலின் நுனி.
நிறம் வராத ஒரு குழியைப் பார்த்து
இரண்டு பேர் கைகொட்டினோம்.

அதன்பிறகு எனக்குப் பேராசை வந்தது.
ச-14இன் பிடி நாற்பது நிமிடம்.
நாள்கணக்கில் வேண்டுமென்று
அதன் வளையத்தில் மூன்று எழுத்தை மாற்றினேன்.
உடும்பாய்ப் பிடித்தது.
நல்லபாம்பின் நஞ்சையும் பிடித்தது, சந்தோஷப்பட்டேன்.
பால்மா மட்டும் பூசிய வெறுங்குழியையும் பிடித்தது.
தட்டு முழுக்க மஞ்சள்.

அநுராதபுரச் சந்தியில் பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்கினார்கள், எனக்கு ஒன்பது வயது.
யாரோ ஒருவனைத் தேடினார்கள்.
அவன் பெயரில் இருந்த ஏதோவோர் எழுத்து
எங்கள் எல்லோர் பெயரிலும் இருந்தது.

தட்டைத் தொட்டிக்குள் போட்டேன்.
மூன்றில் இரண்டு மாற்றத்தைத் திருப்பி எடுத்தேன்.
இப்போது பிடி ஐந்து மணித்தியாலம்.
போதும்.

சலாகுதீன் வேறு வேலையாய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்
எந்த இடமென்று கேட்டார்.
மூன்று விரலை விரித்து
நடுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினேன்.
தன் கையை அப்படியே விரித்துப் பார்த்தார்.
இரண்டாம் கடி அங்கேதான்.
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன்.
"சும்மா இரிங்க டொக்டர்."

மருந்து ஆகிவிட்டதா?
இன்னும் இல்லை. முதலில் எலி. அதற்கு முதல் காசு.
அப்ப நாளைக்கு?
நாளைக்குக் கையுறை போடுங்கள்.
சிரித்தபடி இறங்கிப் போனார்.
கையுறை போட்டால் கண்ணி எது முடிச்சு எது என்று தெரியாதாம்,
இருட்டில் அது
விரல்நுனிக்கு மட்டும்தான் தெரியுமாம்.