புளிப்பு

பாலக்கோடு மண்டியில் பெட்டி முப்பது ரூபாய்.
இறக்குகூலி, கமிஷன் போக ஒன்பது.
மாதேசன் வண்டியைத் திருப்பினான்.
மற்றவர்கள் தார்ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
நாங்கள் பதினெட்டுப் பெட்டியையும்
வீட்டுக்கே ஏற்றி வந்தோம்,
பந்தியில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் போல.

குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது.
ஒரு வண்டிச் சாணம், மூத்திரம் ஊறிய வைக்கோல்,
மேலே இரண்டு மூட்டை பாறைத்தூள்.
சாம்பல் நிறம். முகப்பவுடர் மாதிரி வழுக்கும்.
நாக்கில் வைத்தால் ஒன்றுமில்லை.
வைத்துப் பார்த்தேன்.

போன வருஷம் அதை நேரே வயலில் இறைத்தோம்.
மழை வந்தது, அறுப்பும் வந்தது,
தூள் போட்டபடி கிடந்தது.
"உங்க மண்ணுக்குப் புளிப்பு பத்தாதுக்கா"
என்றாள் மண் பார்க்க வந்த தில்ஷாத்,
எட்டுக்கு மேல் ஓர் எண்ணைச் சுழித்துக் காட்டி.
மணிச்சத்து கல்லுக்குள்தான் இருக்கிறதாம்.
சுண்ணாம்பு அதன் கையை விடவில்லையாம்.

புளிப்புதானே?
பித்தளைக் குண்டானுக்குப் போடுவதுதானே?

பதினெட்டுப் பெட்டியையும் கொட்டி மிதித்தேன்,
வெறுங்காலால், ஆத்திரம் தீர,
விரலிடுக்கில் விதை பிதுங்க.

ஐந்தாம் நாள் குழி சுட்டது.
செருகியிருந்த கடப்பாரையை உருவியவன்
கையை உதறிக்கொண்டு குதித்தான்.
உள்ளே கூலி கேட்காத கூட்டம்.
தின்கிறது, பெருகுகிறது,
கழிப்பதெல்லாம் புளிப்பு.
அது கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்து
சுண்ணாம்பைத் தன்பக்கம் இழுக்கிறது.
சத்தம் இல்லை.
பிடி தளர்ந்த மணிச்சத்தை
இன்னொன்று விழுங்குகிறது,
செத்தபின் விட்டுக்கொடுக்கிறது.

"இந்தக் கல்லுக்குச் சொந்தம்தான் நம்ம பல்லும்"
என்று தில்ஷாத் சொல்லியிருக்க வேண்டாம்.
ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து முளைத்த பல் எனக்கு.
காவிக் கோடு, வெள்ளைத் திட்டு.
கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கியிருப்பேன்.
பாறையிலிருந்த ஃபுளோரைடு
யார் கேட்டு இறங்கியது தண்ணீரில்?
வயலில் கரையச் சொன்னது கரையவில்லை,
கரைய வேண்டாதது கரைந்து வந்து
வாய்க்குள் குடியிருக்கிறது.

இரண்டு முறை புரட்டினோம்.
தொண்ணூறாம் நாள் நாற்றம் போய்
முதல் மழை வாசம்.
ஆனாலும் விரலில் தேய்த்தால் நறநறவென்றது.
தில்ஷாத் கொண்டுவந்த காகிதத்தில்
எண் கூடியிருந்தது, பாதியைத் தொடவில்லை.
மாதேசன் முகம் சுருங்கினான்.
"அவ்வளவுதானா? மீதி?"
"மீதி மண்ணுல கிடக்கட்டும்.
வேருக்கும் கொஞ்சம் புளிப்பு உண்டு,
அது வந்து கேட்டு வாங்கிக்கும்."

சூடு எட்டாத குழியோரத்தில்
யாரும் நடாத தக்காளிச் செடி ஒன்று,
நாலு காயோடு.

அன்றைக்கு மண்டியில் பெட்டி அறுநூறு.