ஏழாவது வரிசைப் பூக்கல்

பினாங்கிலிருந்து வந்த மரப்பெட்டியில்
மூன்று தகர ரயில்பெட்டிகள். எஞ்சின் மட்டும் வரவில்லை.
ஐயா வாங்க மறந்தாரா, கப்பலில் தொலைந்ததா,
கேட்கத் தோன்றியபோது கேட்க ஆளில்லை.
அப்பச்சி ஒன்று செய்தார், எண்பத்து மூன்றில்,
டேப் ரிக்கார்டர் மோட்டாரும் பால்பவுடர் டின்னுமாக.
முன்னால் போகும். பின்னால் வராது.

இந்தப் பொங்கலுக்குப் பள்ளத்தூர் வரும்போது
என் மகன் சோலையப்பன் பை நிறையத் தண்டவாளம் வைத்திருந்தான்,
அவனே அச்சடித்த பிளாஸ்டிக்.
சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர் தகராறு.
சக்கரத்தை அராவு என்கிறார் அவர்.
புதிதாய் அச்சடிப்பேன் என்கிறான் இவன்;
பிரிண்டரோ வேளச்சேரியில்.
நான் ஹேர்பின்னை வளைத்து அச்சில் மாட்டினேன்.
ஓடியது. யாரும் பாராட்டவில்லை.

பின்னால் வரத் தெரியாத எஞ்சின்
சுற்றித்தான் திரும்ப வேண்டும்.
எங்கள் வளவுக்குள் அந்த வளைவு அடங்கவில்லை.
ஆறு வரிசைப் பூக்கல் எங்களுக்கு,
ஏழிலிருந்து சித்தப்பா பங்கு.
தேவகோட்டைக் கோர்ட்டில் ஒன்பது வருஷமாக
வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது அந்த ஏழாவது வரிசை.
பானை அவர்களுக்கு அங்கே, எங்களுக்கு இங்கே.
புகை மட்டும் எந்தப் பக்கமும் போகும்.

சோலை யாரையும் கேட்கவில்லை.
ஒன்பதாவது வரிசை வரை போய்த் திரும்பினால்
கவிழாது என்று கணக்குப் போட்டிருந்தான்.
போனது. அங்கேயே கவிழ்ந்தது,
மூன்று பெட்டியும் சித்தி போட்ட கோலத்தின் மேல்.
அப்பச்சி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.
எனக்குக் கழுவப் பாத்திரம் இருந்தது.
பையன் மட்டும் ஆறாவது வரிசையில்
வெகுநேரம் குந்தியிருந்தான்.

காலையில் பெட்டிகள் தண்டவாளத்தின் மேல் நின்றன.
வளைவில் வெளிப்பக்கம் மட்டும் தூக்கலாய்,
அடியில் அட்டையை நறுக்கி மடித்துச் சொருகிய
சின்னச் சின்ன ஆப்புகள், பதினான்கு.
உண்ணாமலையின் கல்யாணப் பத்திரிகை.
எங்களுக்கு வராதது.
சித்தப்பா திருச்சி டிவிஷனில்
முப்பது வருஷம் தண்டவாளம் பார்த்தவர்.

சுவிட்ச் போட்டான். கவிழவில்லை.
அப்பச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
வேட்டி கோலத்தில் படாமல் குனிந்து,
ஆப்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தார்.
"நாலாவது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்,
எதிர்ப்பத்தி வரை கேட்கும்படி.

பதில் இல்லை.
மத்தியானம் பார்த்தபோது நாலாவதில்
ஒரு மடிப்பு குறைந்திருந்தது.